வாசல்வரை வந்த கோடு

அந்த சைக்கிளை யாரும் எனக்காக வாங்கவில்லை. ஊரடங்கு தளர்ந்த சமயத்தில், தொப்பையைக் குறைத்தே தீருவது என்று என் கணவர் மதுரைக்குப் போய் வாங்கி வந்தது அது. கறுப்பு நிறம், கியர் வைத்தது, குறுக்குக் கம்பி போட்டது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் வரை இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றது. மழைக் காலத்தில் அதன் ஹேண்டில்பாரில் நான் ஈரத் துண்டைக் காயப்போடுவேன்.

அந்த வருடம்தான் மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனாள். அதுவரை என் காலைப் பொழுது அவளுடையது. தலை பின்னி, டப்பா கட்டி, சாக்ஸ் தேடி, பஸ் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு நான் கம்பத்துப் பள்ளிக்கு ஓடுவேன். அங்கே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் போனதும் காலையில் ஒரு மணி நேரம் சும்மா கிடந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் வாசலைப் பெரிதாகக் கூட்டிப் பார்த்தேன். ஒருநாள் துண்டை எடுத்து உதறிவிட்டு, டயருக்குக் காற்றடித்து, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு சைக்கிளை வெளியே தள்ளினேன்.

யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே வெளுக்கும் முன் கிளம்பினேன். நாற்பதைத் தாண்டிய டீச்சர் ஒருத்தி ஆம்பளை சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதைப் பார்த்தால் ஊர் ஒரு வாரம் பேசும். நான் பள்ளிக்கு சைக்கிளில் போன காலத்திலிருந்தே எனக்கு அந்தப் பயம் உண்டு. பிளஸ் டூ படிக்கும்போது, ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று ஒரு தோழியோடு வழி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நான் வீடு சேரும் முன்பே அந்தச் செய்தி அம்மாவிடம் சேர்ந்திருந்தது. டீக்கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார், உரக்கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார். தோழியின் சடை ரிப்பன் நிறம்வரை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் முதல் நாளே பார்த்துவிட்டார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்கள் அந்த நேரத்தில்தான் கம்பம் பக்கம் விரையும். உள்ளே அடுக்கியதுபோல் பெண்கள், மடியில் தூக்குச்சட்டி. எதிரே வந்த ஒரு ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து, "ஏத்தா டீச்சரு, எங்களுக்கும் சேத்து மிதி!" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் அந்த ஜீப்பை நானே எதிர்பார்த்தேன்.

என் பாதை நாராயணத்தேவன்பட்டி வழியாக சுருளிப்பட்டி. இருபுறமும் பன்னீர் திராட்சைப் பந்தல். பூஞ்சைக்கு மயில்துத்த மருந்து அடித்த நாட்களில் இலைகள் லேசாக நீலம் பூத்து நிற்கும், அந்த வாசனை தொண்டையில் போய் உட்காரும். வேதியியல் டீச்சருக்கு அது பாடப்புத்தக வாசனை. வழியில் ஒரு வாய்க்கால் பாலம். அங்கே நிறுத்தித் தண்ணீர் குடிப்பேன். சூரியன் கிழக்கே மேகமலைக்குப் பின்னால் இருக்கும்போதே மேற்கே கேரளத்து மலை உச்சியில் வெயில் விழுந்துவிடும். அது கொஞ்சம் கொஞ்சமாக மலையிலிருந்து இறங்கி, தென்னந்தோப்புக்கு வந்து, வயலைக் கடந்து என்னிடம் வருவதற்குள் நான் கிளம்பியாக வேண்டும். அந்தப் பாலத்தில் நின்ற நேரத்தைப்போல் என் வாழ்க்கையில் வேறெந்த நேரமும் எனக்கே எனக்கென்று இருந்ததில்லை. இப்போது நினைத்தாலும் உள்ளங்கையில் அந்தக் கைப்பிடிச் சுவரின் ஈரம் தெரிகிறது.

எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சர்தான், சைக்கிள் போகும் தூரத்தை அளக்கும் ஆப் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்தது. என்னைவிடப் பத்து வயது இளையவள். கல்லூரியில் மாநில அளவில் ஓடியவள். "டீச்சர், நீங்க எம்புட்டு தூரம் போறீகன்னு உங்களுக்கே தெரிய வேணாமா?" என்றாள். கிளம்பும்போது ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், திரும்பி வந்ததும் இன்னொன்று. போன பாதை வரைபடத்தில் ஆரஞ்சுக் கோடாக விழும். பெயர் கேட்டது. என் பெயரைப் போட மனம் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். முகப் படத்துக்குத் திராட்சைப் பந்தலை எடுத்துப் போட்டேன். அத்தோடு என்னை மறைத்துவிட்டதாக நம்பினேன்.

மற்றவர்கள் நம் கோட்டைப் பார்க்கலாம், கட்டைவிரல் போட்டுப் பாராட்டலாம் என்பதை பி.டி. டீச்சர் முதல் கட்டைவிரலைப் போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். சில வாரங்களில் இரண்டாவது விரல் ஒன்று வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓடைப்பட்டி என்று ஊர்ப்பெயரும் பின்னால் ஏதோ எண்களும். படத்தில் முகம் இல்லை, ஒரு மாட்டுக் கொட்டகை. நான் வீடு வந்து, பாலை அடுப்பில் வைத்து, அது பொங்குவதற்குள் போனைப் பார்த்தால் அந்த விரல் வந்திருக்கும். ஞாயிறானாலும் சரி, பொங்கலானாலும் சரி.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் கணவர் தூக்கத்தில் இருப்பார். நான் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஆடி மாதத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் மேல்காற்று அடிக்கும்போது சைக்கிள் மிதிப்பது, வீட்டைக் கயிறு கட்டி இழுப்பதுபோல. அப்படி ஒருநாள் மூச்சு முட்ட சுருளிப்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தேன். அன்று விரலோடு ஒரு வரியும் இருந்தது. "காத்தை எதுத்து மிதிச்சிருக்கீக. சபாஷ்." ஒரு நாள் முழுவதும் அந்த சபாஷோடு பாடம் எடுத்தேன்.

பிறகும் எப்போதாவது ஒரு வரி வரும். மழை வருமா, ரோடு எப்படி இருக்கிறது என்பதுபோல. நான் பதில் எழுதியதில்லை. ஒருநாள் இப்படி வந்தது: "இன்னிக்குப் பாலத்துல ரொம்ப நேரம் நின்னுட்டீக போல. மூச்சு வாங்குச்சா?"

மறுபடி படித்தேன். அந்தப் பாலத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட. அன்று நின்றதற்குக் காரணம் மூச்சு வாங்கியதும் இல்லை. மகள் முந்தின நாள் போனில் அழுதிருந்தாள், அதை நினைத்து நின்றேன். யாரோ அந்த வாய்க்கால் ஓரத்தில் புதருக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் ஆகிவிட்டது.

பள்ளியில் ஆசிரியர் அறையில் பி.டி. டீச்சரிடம் போனைக் கொடுத்தேன். அவள் வரைபடத்தை இரண்டு விரலால் விரித்தாள். விரித்துக்கொண்டே போனாள். ஊர் வந்தது, தெரு வந்தது, எங்கள் வீட்டின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வந்தது.

"ஏ டீச்சர்! உங்க கேட்டுக்குள்ள வரைக்கும் கோடு போட்டிருக்கு!"

"அப்படியா?"

"எங்க நிக்கிறீக, எம்புட்டு நேரம் நிக்கிறீக, எல்லாம் இதுல இருக்கு. யாரு வேணாலும் பாக்கலாம். நாந்தான் உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டேன்." அவள் முகம் சுண்டிவிட்டது.

வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால் அதற்குள் கோடு தெரியாது என்று ஏதோ செய்தாள். இனிமேல் போகிற பயணங்களுக்குத்தான் அது சரி, பழையது பழையபடி இருக்கும் என்பது அவளுக்கும் அன்று தெரியவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மின்சார அலுவலகத்தில் வேலை, எதையும் இரண்டு முறை யோசித்துத் தொடுவார்.

"ஆளு யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத ஆளு தெனமும் உன்னைப் பாக்குறான். உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"ஊர்ல எல்லாரும்தான் பாக்குறாக. ஜீப்புல போறவுக பாக்குறாக, பால்காரர் பாக்குறாரு."

"அவுகளை நீ திருப்பிப் பாக்கலாம்ல?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வெள்ளம் பார்த்ததை அம்மாவிடம் வத்தி வைத்த டீக்கடைக்காரரை எனக்குத் தெரியும். அவர் கடை வழியாகப் போகும்போது முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு என் கோபத்தைக் காட்டவாவது முடிந்தது. இங்கே யாரிடம் காட்டுவது? ஒரு மாட்டுக் கொட்டகையிடமா?

ஓட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் பாலத்தில் நிற்பதை நிறுத்திவிட்டேன். ஓட்டிக்கொண்டே தண்ணீரைக் குடித்தேன். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஓரம் கட்டி, அது தாண்டிப் போகும்வரை காத்திருந்தேன். சாலை அதே சாலை, பந்தல் அதே பந்தல். நான்தான் முன்னைப்போல் இல்லை.

அதன்பின் ஒரு காலை, ராத்திரி அடித்த காற்றில் விழுந்து கிடந்த தென்னை மட்டையில் முன்சக்கரம் ஏறி, நான் சாலையில் விழுந்தேன். இடது மணிக்கட்டு எலும்பு உடைந்தது. அந்த ஏலத்தோட்ட ஜீப்தான் நின்று என்னை ஏற்றிக்கொண்டு போய்க் கம்பத்தில் ஆஸ்பத்திரியில் விட்டது. முதல் நாள் சத்தம் கொடுத்த அம்மாள் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சைக்கிளை ஜீப்பின் மேலே கட்டினார்கள். அன்று அவர்கள் வேலைக்குத் தாமதமாகத்தான் போயிருப்பார்கள்.

மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தேன். கோடு எதுவும் விழவில்லை. போனை எடுத்து அந்த ஆப்பைத் திறக்கவும் இல்லை.

மூன்று வாரம் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணவர் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் முன்வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கையால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு பெரியவர் திரும்பினார். அறுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு அட்டைப்பெட்டி. மறுகையில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி நடந்து வந்தார். நாலடி நடப்பார், நிற்பார், போனைப் பார்ப்பார், மறுபடி நடப்பார். எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். போனைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. விடைத்தாளை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"தம்பி இருக்காகளா?" என்றார்.

கணவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "எந்தத் தம்பி?"

"சைக்கிள் மிதிக்கிற தம்பி. சுருளிப்பட்டி ரோட்டுல டெய்லி போவாகள்ல? கொஞ்ச நாளா காணோம். மேலுக்கு முடியலையோன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நீங்க யாரு? இந்த வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியில் இருந்த சூடு பெரியவருக்கு உறைக்கவில்லை. போனைக் கம்பிக்கு உள்ளே நீட்டினார். "இந்தா பாருங்க. கோடு இங்கனதானே வந்து முடியுது?"

போனிலிருந்து நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே முன்சக்கரம் வளைந்து நின்ற சைக்கிளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே வருவது தெரிந்தது.

"ஆத்தா... நீங்களா?"

"நான்தான்," என்றேன்.

"பேரு போடாம புள்ளி வச்சிருந்தீக. ஏதோ எளவட்டப் பய மிதிக்கிறான்னு நெனச்சுப்புட்டேன். பொம்பளப் புள்ளைன்னு தெரிஞ்சிருந்தா..."

கணவர் கேட்டைத் திறக்கவில்லை. "ஆம்பளையா இருந்தா மட்டும் வரலாமா? ஒருத்தர் எங்க போறாக எங்க வர்றாகன்னு போன்ல பாத்துட்டு நேரா வீட்டுக்கு வந்து நிக்கிறீக. இது சரியா?"

பெரியவர் வாதாடவில்லை. தெருவில் இரண்டொரு பேர் எட்டிப் பார்த்தார்கள். "சரியில்லைதாங்க. தப்பா நெனச்சிராதீக," என்றார். தோளிலிருந்த பெட்டியைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்தார். "தோட்டத்துப் பழம். மருந்தடிச்சு நாளாச்சு. கழுவிட்டுச் சாப்பிடுங்க." என் பக்கம் பார்க்காமலே, "கையைப் பாத்துக்கங்க ஆத்தா," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இப்போது போனைச் சட்டைப் பையில் போட்டிருந்தார். தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றதும், பிறகு தப்பான பக்கம் திரும்பியதும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பெட்டி வெயிலில் அப்படியே இருந்தது. காக்கை வந்து உட்கார்ந்தது. நான்தான் போய் ஒரு கையால் அணைத்து எடுத்து வந்தேன். நான் கழுவித் தட்டில் வைத்ததும் கணவர் ஒரு கொத்தை எடுத்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரு பாக்குறான்?"

இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். என்னைப் பின்தொடர்கிறவர்கள் இருபது பேருக்குக் கிட்ட இருந்தார்கள். பி.டி. டீச்சரைத் தவிர எவரையும் எனக்குத் தெரியாது. கூலிங்கிளாஸ் போட்ட ஒருவன், வெறும் கார் படம் வைத்த ஒருவன், படமே இல்லாத பலர். எப்போது சேர்ந்தார்கள் என்று தெரியாது. யாரும் ஒரு விரல் போட்டதில்லை, ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் அவர்கள் எல்லாருடைய போனிலும் எங்கள் வீட்டுக் கேட் இருந்தது. விரல் போட்டு, வரி எழுதி, நேரில் வந்து நின்றவர் ஒருவர்தான். அவரைத்தான் நாங்கள் வெளியில் நிறுத்திப் பேசி அனுப்பியிருந்தோம்.

பி.டி. டீச்சரைத் தவிர ஒவ்வொருவராக நீக்கினேன். பழைய பயணங்களை எல்லாம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாதபடி பூட்டினேன்; இனிமேல் என் அனுமதி இல்லாமல் யாரும் பின்தொடர முடியாதபடியும் செய்தேன். ஓடைப்பட்டிக்காரரையும் நீக்கத் தேடினேன். அவர் பட்டியலிலேயே இல்லை. அன்று ஊருக்குப் பஸ்ஸில் திரும்பும்போதே என்னைப் பின்தொடர்வதை அவராக விட்டுவிட்டிருக்க வேண்டும்.

கை கூடியது. சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் போட்டது கணவர்தான். முதல் நாள் கிளம்பும்போது எழுந்து வந்து, "போனை வீட்டுலயே வச்சிட்டுப் போ," என்றார். நான் கேட்டைத் தாண்டுவதற்குள், "இல்ல, கொண்டு போ. விழுந்துட்டா கூப்பிட வேணும்ல," என்றார்.

பாலத்தில் மறுபடி நின்றேன். முகம் தெரியாத யாரும் பார்க்கவில்லை என்பது நிச்சயமாகத் தெரிந்து நின்றேன். வீடு வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கை தானாகப் போனை எடுத்தது. பி.டி. டீச்சரின் விரல் இருந்தது. அவ்வளவுதான். பால் பொங்கியது, அணைத்தேன்.

"இப்ப நிம்மதிதானே டீச்சர்?" என்று அவள் கேட்டாள். நிம்மதிதான். ஆனால் ஓர் ஆள் நம் வாசலுக்கு வந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார் என்பது மட்டும் சோற்றில் கல்போல் அகப்பட்டுக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அவருடைய பக்கத்தைத் தேடித் திறந்தேன். அவர் எதையும் பூட்டவில்லை. சைக்கிள் கோடு ஒன்றுகூட இல்லை, எல்லாம் நடை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்து, நூல்கண்டு சிக்கிக்கொண்டதுபோல் கிடந்தது. விரித்துப் பார்த்தேன். ஒரு தோட்டம், கிணறு, ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு கொட்டகை. இன்னும் விரித்தால் கதவே தெரிந்துவிடும் என்ற இடத்தில்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அவருடைய நடைக்குக் கீழே எழுதினேன்: "ஐயா, நான் புள்ளி. கை சரியாகிவிட்டது. அன்றைக்கு உங்களை உட்காரச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உங்கள் வீட்டுக்கு வரலாமா?"

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது: "வாங்க ஆத்தா. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

கணவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. "போவோம். நானும் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்," என்றார். நானும் பி.டி. டீச்சரும் சைக்கிளில், அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால். ராயப்பன்பட்டி தாண்டி அவ்வளவு தூரம் நான் அதுவரை மிதித்ததில்லை. தை மாதக் காலை, காற்று ஓய்ந்திருந்தது, தூரத்தில் காற்றாலைகள் சும்மா நின்றன. பி.டி. டீச்சர் முன்னால் போய்விட்டு எனக்காகத் திரும்பித் திரும்பி வந்தாள். அப்படி அவள் ஒரு பங்கு தூரம் கூடுதலாகவே மிதித்திருப்பாள்.

அவருடைய வீட்டம்மா ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கூடிருச்சா? அன்னிக்கு வந்து ரெண்டு நாளு இவுகளுக்குச் சோறு எறங்கலை. ஒரு பொம்பளப் புள்ளைய பயமுறுத்திட்டேனேன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாக."

பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். அங்கே வைத்துத்தான் அவர் சொன்னார். இரண்டு வருடம் முன்பு நெஞ்சுவலி வந்து, மதுரையில் ரத்தக் குழாயில் கம்பிச் சுருள் வைத்திருக்கிறார்கள். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மகன் பெங்களூரில் வேலை. அப்பா நடக்கிறாரா இல்லையா என்று அங்கிருந்தே பார்க்க, அவன்தான் இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"விடிஞ்சு கோடு விழலேன்னா போன் வந்துரும். 'அப்பா, ஏன் நடக்கலை? நெஞ்சு கரிக்குதா?' பயலுக்கு அம்புட்டு பதட்டம். என்னைய ஒரு எடத்துல உக்காரவிட மாட்டேங்குறான்."

"அதுக்கு இவுக என்ன செஞ்சாக தெரியுமா?" என்று வீட்டம்மா இடையில் புகுந்தார். "மருந்தடிக்க வந்த ஆளு பையில இவுக போனைப் போட்டு விட்டுட்டு, கட்டில்ல படுத்துக்கிட்டாக. அவரு பந்தல் பந்தலா நடந்திருக்காரு. அன்னிக்கு மகன் போன் பண்ணி, 'எங்கப்பா மாதிரி உண்டா'ன்னு ஒரே பெருமை!"

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது. பெரியவரும் சிரித்தார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தெனமும் நடந்துட்டு வந்து போனைப் பாத்தா உங்க கோடும் இருக்கும். நாம ரெண்டு பேரும் இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கோம்னு ஒரு இது. திடீர்னு உங்க கோடு நின்னு போச்சா... என் கோடு நின்னா மகன் என்ன நெனைப்பான்? அதேதான் நெனச்சேன். கெளம்பிட்டேன். கேட்டுட்டு வரணும்னு தோணலை ஆத்தா."

நான் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வரியைப் படித்ததும் எனக்கு என்ன ஆனது என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "எனக்கு மேல ஏறுனா மூச்சு வாங்கும். உங்களுக்கும் அப்படித்தானோன்னு கேட்டுப்புட்டேன்," என்றார். அவ்வளவுதான் அந்த வரி. எத்தனை காலைகளை அது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பதை நான் சொல்லவில்லை.

என் கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது தெரிந்ததும் பேச்சு மும்முனைக் கரண்ட்டுக்கும் மோட்டாருக்கும் போய்விட்டது. இருவரும் கிணற்றடிக்குப் போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு இட்லியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வந்தன. பி.டி. டீச்சர் சாப்பிட்டதைப் பார்த்து வீட்டம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

கிளம்பும்போது பெரியவர் போனை எடுத்தார். "இனிமே பாக்கட்டுமா ஆத்தா? வேணாம்னாலும் ஒண்ணுமில்லை." நான் அங்கேயே அனுமதி கொடுத்தேன். அன்று காலை நாங்கள் மிதித்து வந்த நீளக் கோடு அவர் போனில் தெரிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அது தம் ஊருக்கு வருவதை விரலால் தொட்டுத் தொட்டு வீட்டம்மாவுக்குக் காட்டினார். கோட்டின் கடைசிப் பகுதியை அவர் தோட்டத்துக்கு முன்பே நான் நிறுத்திவிட்டிருந்தேன். அதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் காலைகள் நீடித்தன. இன்று திரும்பிப் பார்க்கும்போது என் நடுவயதின் நல்ல காலம் அதுதான் என்று தோன்றுகிறது. பாலத்தில் வேண்டிய மட்டும் நின்றேன். மழையில் நனைந்து ஜீப்புக்குப் பின்னால் போனேன். ஒருமுறை பி.டி. டீச்சரோடு பண்ணைப்புரம் வரை போய், மலையைப் பக்கத்தில் பார்த்துவிட்டு, திரும்ப முடியாமல் சைக்கிள்களை மினி லாரியில் ஏற்றி வந்தோம். அன்று பெரியவர் எழுதினார்: "வண்டி வேகத்துல சைக்கிள் மிதிச்சிருக்கீகளே ஆத்தா!" லாரியில் ஏற்றியபோது ஆப்பை நிறுத்த மறந்திருந்தோம்.

பிறகு கணவருக்குத் தேனிக்கு மாற்றலானது. நானும் இங்கே ஒரு பள்ளிக்கு வந்துவிட்டேன். பி.டி. டீச்சர் கல்யாணமாகி விருதுநகர் போனாள். தேனியில் காலையிலேயே பஸ்ஸும் லாரியும் தொடங்கிவிடும், நான் வாரத்தில் இரண்டு நாள் ஓட்டினால் அதிகம். சில நாட்களில் ஓட்டுவதற்குப் பதில் பழைய பயணம் ஒன்றைத் திறந்து பார்க்கிறேன். கோட்டில் ஒரு வளைவு வந்தால் அங்கே எந்தத் தோட்டம், எந்த நாய் துரத்தும், எந்த மாதத்தில் எந்த வாசனை என்று தெரிகிறது. வேறு யாருக்கும் அது வெறும் கோடு.

பெரியவரை மகன் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டான். அவருடைய நடை இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுற்றிச் சின்னச் சதுரமாக விழுகிறது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல சதுரங்கள். நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதற்கு ஒரு விரல் போடுவேன். போன வாரம் இரண்டு நாள் சதுரம் வரவில்லை. முதல் நாள் பேசாமல் இருந்தேன். இரண்டாம் நாள் மனம் கேட்காமல் அவர் வீட்டம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணுமில்லத்தா. போனைச் சார்ஜு போடாம விட்டுட்டாக," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "திராட்சைக் கொடி கவாத்து வெட்ட ஊருக்கு வர்றோம். மகன்கிட்ட சண்டை போட்டு டிக்கெட்டு எடுக்கச் சொல்லியாச்சு. நீங்க எப்ப வர்றீக?" என்று கேட்டார்.

கணவர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "கவாத்து வேலையா நிப்பாக. எந்த நாளு தோதுன்னு அவுகளையே கேட்டுக்க," என்றார்.